மாலை 7 மணி

‘மாலை 7 மணி’ என்று எழுதுவது சரியா, ‘இரவு 7 மணி’ என்று எழுதுவது சரியா? தமிழாசிரியர் கூடும் இடங்களில் ஓயாத வழக்கு இது. தமிழ்நாட்டிலிருந்து வரும் நூல்களும் செய்தித்தாள்களும் பெரும்பாலும் ‘இரவு 7 மணி’ என்கின்றன. சிங்கப்பூரிலும் மலேசியத் தீபகற்பத்திலும் வளரும் பிள்ளையோ ‘மாலை 7 மணி’ என்று எழுதுகிறது. திருத்துவோர் சிலர் அதைச் சுழித்து மதிப்பெண்ணைக் குறைக்கின்றனர். ஒரு மதிப்பெண்தானே என்று தள்ளிவிடலாம். ஆயினும், கண்ணால் கண்டதைக் கண்டவாறு எழுதிய பிள்ளையைப் பார்த்து நீ எழுதியது பிழை என்பது சிறிய செயலன்று. சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் கதிரவன் மறைவது 6.50க்கும் 7.20க்கும் இடைப்பட்ட நேரத்தில்தான். 7 மணிக்கு மேற்கு வானம் சிவந்திருக்கும். அதை இரவென்று எவ்வாறு கூறுவது?

இவ்வழக்கைத் தீர்க்க இலக்கணம் மட்டும் போதாது, வரலாறும் வேண்டும். ‘மாலை 7 மணி’ என்னும் தொடரில் இரண்டு கடிகாரங்கள் ஒருங்கே ஓடுகின்றன. ‘மாலை’ என்பது வானம் சொல்வது. ‘7 மணி’ என்பது அரசாங்கம் சொல்வது. முன்னதை எவரும் மாற்றியதில்லை. பின்னது இத்தீவில் 1905 முதல் பன்முறை மாறியிருக்கிறது.

முதலில் வானத்தின் கடிகாரத்தைக் காண்போம். தொல்காப்பியர் ஒவ்வொரு திணைக்கும் உரிய சிறுபொழுதை வகுத்துச் சென்றார். முல்லைக்கு மாலை, குறிஞ்சிக்கு யாமம், மருதத்துக்கு வைகறையும் விடியலும், நெய்தலுக்கு எற்பாடு, பாலைக்கு நண்பகல். சிறுபொழுது ஐந்தே என்பாரும் உளர். ஆறு எனக் கொண்டு, பொழுது ஒன்றுக்குப் பத்து நாழிகையாக அறுபது நாழிகை கொண்ட நாளைப் பகுப்பதே நாம் பள்ளியில் கற்பிக்கும் முறை. நாழிகை ஒன்றுக்கு 24 நிமிடம். ஆகவே ஒரு பொழுது 4 மணி நேரம். இக்கணக்கின்படி மாலை என்பது கதிரவன் மறையும்போது தொடங்கிப் பத்து நாழிகை நிற்பது. தமிழ்நாட்டில் கதிர் மறைவு 6 மணியளவில் என்று கொண்டால், மாலைப்பொழுது 6 மணி முதல் 10 மணி வரை. அங்கும்கூட 7 மணி என்பது பழைய வகுப்பின்படி மாலைதான்! இன்று நாம் ‘மாலை 4 மணிக் கூட்டம்’ என்று அழைப்பிதழில் அச்சிடுகிறோமே, அந்த 4 மணி பண்டையோர்க்கு எற்பாடு. எற்பாட்டை அழைப்பிதழில் மீண்டும் ஏற்ற வேண்டும் என்று நான் வாதிடவில்லை. மாலை என்னும் சொல் காலப்போக்கில் முன்னோக்கி நகர்ந்து எற்பாட்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்பதை மட்டும் ஆசிரியர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். ‘இரவு 7 மணி’ என்பது அந்த நகர்வின் விளைவேயன்றித் தொன்மரபன்று.

வானம் மூடிய நாளில் என் செய்வது? இதற்கும் பழந்தமிழர் வழி கண்டிருந்தனர். நெடுநல்வாடையில் வரும் மகளிர், மழை மூட்டத்தால் பகலும் இரவும் வேறுபாடின்றிக் கிடந்த நாளில், தட்டிலிட்ட பித்திக அரும்புகள் மலர்ந்து மணம் வீசியதைக் கொண்டு மாலை வந்ததை அறிந்து விளக்கேற்றுகின்றனர். அரண்மனைக்கும் பாசறைக்கும் நீர்க்கடிகாரம் இருந்தது. சங்கப் பாடல்கள் அதனைக் குறுநீர்க் கன்னல் என்கின்றன. அளவாகச் சொட்டும் நீரைப் பார்த்துப் பொழுது கூறுவோர் நாழிகைக் கணக்கர். புகார் நகரில் வாழ்ந்தோருள் இவர்களையும் சிலப்பதிகாரம் எண்ணுகிறது. நாழிகையின் செல்வாக்கு நேரத்தோடு நில்லாமல் தொலைவையும் அளந்தது. ஒரு நாழிகையில் நடக்கக்கூடிய தூரம் ‘நாழிகைவழி’. ஏறத்தாழ ஒன்றரை மைல்.

நாழிகையை எண்ணத் தொடங்குவது கதிர் தோன்றும் கணத்திலிருந்து. சாதகம் கணிப்போர் இன்றும் ‘உதயாதி நாழிகை’ என்று எழுதுவர். கிழக்கு ஆப்பிரிக்காவில் சுவாகிலி மொழி பேசுவோர் காலை 7 மணியை ‘மணி ஒன்று’ என்றும், நண்பகல் 12ஐ ‘மணி ஆறு’ என்றும் சொல்கின்றனர். கைக்கடிகாரத்தின் முள் ஏழில் நிற்கும். வாய் ஒன்று என்னும். அவர்கள் கடிகாரத்தை வாங்கிக்கொண்டு, எண்ணும் முறையை மட்டும் தம்மிடமே வைத்துக்கொண்டார்கள். நாம் நாழிகையைச் சோதிடர் வசம் ஒப்படைத்துவிட்டு மணிக்கு மாறினோம்.

மணி என்றால் என்ன? அடிக்கப்படும் வெண்கல மணிதான். ‘எத்தனை மணி?’ என்று கேட்பவர், ‘மணி எத்தனை முறை அடித்தது?’ என்றே கேட்கிறார். இதில் வியப்பு யாதெனில், இந்நாட்டில் நம்முடன் வாழும் மற்ற இனத்தாரும் இதையே கேட்கின்றனர். மலாய்க்காரர் ‘புக்குல் பெராப்பா?’ என்பர். புக்குல் என்றால் அடித்தல், ‘எத்தனை அடி?’ என்பது நேர்ப்பொருள். சீனர் மணிக்கணக்கைக் குறிக்கச் சொல்லும் ‘தியென் சோங்’ என்பதில் சோங் என்பது மணி. ஆங்கிலேயரின் ‘கிளாக்’ என்னும் சொல்லும் மணியைக் குறித்த ‘குளோக்கா’ என்னும் இடைக்கால இலத்தீனிலிருந்து வந்ததே. சிங்கப்பூரின் அதிகாரத்துவ மொழிகள் நான்கும் பொழுதை ஓசையாகவே பெயரிட்டிருக்கின்றன. கண்ணால் அறிந்த பொழுது காதால் அறியும் பொழுதாயிற்று. காதால் அறிவதென்றால் அடிப்பவர் ஒருவர் இருக்க வேண்டும்; அவர் அடிக்கும்போதுதான் மணி.

யாழ்ப்பாணத்தார் இங்கே ஒரு நல்ல வேறுபாடு காட்டுவர். கடிகாரம் காட்டும் புள்ளியை ‘மூன்று மணி’ என்பர். கழியும் கால அளவை ‘மூன்று மணித்தியாலம்’ என்பர். நாம் ‘மணி நேரம்’ என்று ஒட்டுப்போட்டுச் சமாளிக்கிறோம்.

சிங்கப்பூரில் அடித்தவர் யார்? 19ஆம் நூற்றாண்டில் கேனிங் கோட்டைக் குன்றின் பீரங்கி விடியற்காலை 5 மணிக்கும், பகல் 1 மணிக்கும், இரவு 9 மணிக்கும் முழங்கியது. துறைமுகத்துக் கப்பல்கள் தம் கடிகாரத்தைச் சரிபார்ப்பதற்காக, குன்றின் கம்பத்தில் ஏற்றிய பெரிய உருண்டை ஒன்று சரியாக 1 மணிக்கு விழும். நகரத்தாருக்கு அது போதும். வடக்கே மண்டாய், செம்பவாங் வட்டாரங்களில் பரந்திருந்த ரப்பர்க் காடுகளுக்குப் பீரங்கி எங்கே கேட்கும்? அங்கே தோட்டத்து மணியே நேரம். தொங்கவிட்ட தண்டவாளத் துண்டைத் தட்டினால் பெரட்டு. கங்காணி ஆள் எண்ணுவார், கிராணி பேர் பதிவார், இருள் விலகுமுன் பால்வெட்டு தொடங்கும். வெயில் ஏறாத குளிர்ந்த வேளையில்தான் மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்து பால் நன்றாகச் சுரக்கும். அதனால் பால்மரம் என்றும் வானத்தின் கடிகாரத்தையே பின்பற்றியது. அரசாங்கம் முள்ளை நகர்த்தும்போதெல்லாம் தோட்டத்து மணியும் நகரவேண்டியதாயிற்று. மரத்துக்குச் சட்டம் தெரியாதல்லவா? அசாம் தேயிலைத் தோட்டங்களில் இன்றும் ‘பாகான் நேரம்’ என்று ஒன்று வழங்குகிறது. இந்தியப் பொது நேரத்துக்கு ஒரு மணி முந்தியது அது. அந்தக் கீழைக்கோடியில் சூரியன் முந்தி எழுவதால் தோட்டத்தார் தமக்கெனத் தனிக் கடிகாரம் வைத்துக்கொண்டனர்.

இனி அரசாங்கத்தின் கடிகாரம். 1905 ஜூன் 1ஆம் நாள், கிழக்கு 105ஆம் பாகையைக் கொண்டு கிரீனிச்சுக்கு 7 மணி முந்திய பொது நேரம் வந்தது. அப்போது சிங்கப்பூரில் சூரியன் எழுவது கடிகாரப்படி ஏறத்தாழ 6.05. நம் பாடநூல்களில் வரும் ‘காலை 6 மணிக்குச் சூரியன் உதிக்கும்’ என்னும் வாக்கியம் இங்கே மெய்யாயிருந்த காலம் அதுதான். 1920இல் ஆளுநர் கில்மார்டு அரை மணி முன்தள்ள விரும்பினார், பலிக்கவில்லை. 1932இல் சர் ஆர்னால்டு ராபின்சன் சட்டசபையில் மீண்டும் இதை எழுப்பி 20 நிமிடத்துக்கு இசைவு பெற்றார். வேலை முடிந்தபின் விளையாடவும் உலாவவும் வெளிச்சம் மிச்சமாகும் என்பது அவர் தரப்பு வாதம். அலுவலகத்தாருக்கு அது நயந்தான். பொழுது புலருமுன் எழுந்து பால் வெட்டியவனுக்கு மாலை வெளிச்சத்தால் என்ன விளையாட்டு? 1933 ஜனவரி 1 முதல் கதிரெழுச்சி 6.25 ஆயிற்று. 1941 செப்டம்பர் 1இல் மேலும் 10 நிமிடம், 6.35.

அடுத்த மாற்றம் சட்டசபையில் நிகழவில்லை. 1942 பிப்ரவரி 9ஆம் நாள் இரவு கிராஞ்சிக் கரையில் ஜப்பானியப் படை இறங்கிற்று. 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. மறுநாளே கடிகாரம் டோக்கியோ நேரத்துக்குத் திருப்பப்பட்டது. ஒரே தாவலில் ஒன்றரை மணி. ஆண்டும் 2602 என மாறியது. சூரியன் அன்றும் பழைய இடத்தில்தான் எழுந்தது. கடிகாரம் மட்டும் 8 மணி கடந்துவிட்டது என்றது. உச்சிப்பொழுது 2 மணிக்கு வந்தது. மூன்றரை ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பியதும் முள்ளும் திரும்பியது.

இறுதி மாற்றம் அண்மையது. 50 அகவை கடந்த பலர் இதைக் கண்டவர்கள். தீபகற்பமும் சபா, சரவாக்கும் ஒரே நேரத்தில் இயங்கவேண்டும் என்று மலேசிய அரசு முடிவு செய்தது. வணிகமும் போக்குவரத்தும் பிணைந்திருந்தமையால் சிங்கப்பூரும் உடன் சென்றது. 1981 டிசம்பர் 31 இரவு 11.30 ஆனபோது கடிகாரங்கள் அரை மணி முன்தள்ளப்பட்டு நேரே 1982 பிறந்தது. அன்று முதல் நம் கதிரெழுச்சி 7 மணியை ஒட்டியும், உச்சி 1 மணியை ஒட்டியும், மறைவு மீண்டும் 7ஐ ஒட்டியும் நிற்கின்றன. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் பகலின் நீளம் ஆண்டு முழுவதும் அசைவதில்லை. ஆகவே சிங்கப்பூரில் தொல்காப்பியரின் மாலை 7 மணிக்குத்தான் தொடங்குகிறது. பிள்ளை எழுதியது சரி.

இதே காரணத்தால் இங்கே ‘காலை 6 மணி’ என்று நாம் எழுதுவது உண்மையில் வைகறை. பஞ்சாங்கத்தையும் கவனிக்க. இராகுகாலம் என்பது கதிரெழுச்சி முதல் மறைவு வரையுள்ள பகலை எட்டாகப் பகுத்ததில் ஒரு கூறு. திங்கட்கிழமைக்கு இரண்டாம் கூறு. 6 மணி உதயத்துக்கு 7.30 முதல் 9 வரை என்பது வாய்பாடு. 7 மணி உதயத்துக்கு 8.30 முதல் 10 வரை ஆகும். ஊரிலிருந்து வரும் நாட்காட்டியைச் சுவரில் மாட்டி அப்படியே பின்பற்றுவோர், நல்ல நேரத்தை ஒதுக்கிவிட்டு இராகுவில் புறப்படுகிறார்கள்! நம்பிக்கை அவரவர் விருப்பம். கணக்காவது சரியாக இருக்கட்டும். தமிழ் முஸ்லிம்களுக்கு இத்தொல்லை இல்லை. மஃரிபு என்றால் கதிர் மறைந்த வேளை. எந்தச் சட்டசபையும் அதை நகர்த்த முடியாது.

நாள் எங்கே தொடங்குகிறது என்பதிலும் தடுமாற்றம் உண்டு. நம் மரபில் கதிரெழுச்சியில் நாள் பிறக்கிறது. ஆங்கிலக் கணக்கில் நள்ளிரவில். மலாய் முஸ்லிம் வழக்கில் கதிர் மறைவில். ‘மலாம் ஜுமாஅத்’ என்று மலாய் அண்டைவீட்டார் விருந்துக்கு அழைத்தால், சொல்லுக்குச் சொல் ‘வெள்ளி இரவு’ என்று மாற்றிக்கொண்டு மறுநாள் போய் நிற்கக்கூடாது. அது நம் வியாழன் இரவு.

நிற்க. கிராஞ்சியில் இன்று ரப்பர் மரம் இல்லை. தொழிற்கூடங்களும், தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர் தங்கும் விடுதிகளும் நிற்கின்றன. ஜொகூரிலிருந்து பாலம் கடந்து கிராஞ்சி ரயில் நிலையத்துக்கு வரும் முதற்பேருந்துகளில் எம் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரும் இருக்கின்றனர். விடுதி வாயிலில் வைகறையிலேயே லாரி வந்து நிற்கிறது. பெரட்டுக்குப் பெயர் மட்டும் மாறியிருக்கிறது.

திருச்சி மாவட்டத்திலிருந்து வந்த ஒருவர் இரவு 8.30க்கு வீட்டை அழைத்தால் அங்கே மாலை 6 மணி. கடிகார வேறுபாடு இரண்டரை மணி, அதாவது ஆறேகால் நாழிகை. ஆனால் திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் இடையே உள்ளது 25 பாகை. பாகைக்கு 4 நிமிடம் வீதம் சூரியன் கடப்பது 100 நிமிடத்தில். நான்கு நாழிகைக்குச் சற்று மேல். எஞ்சிய 50 நிமிடம் இரண்டு அரசாங்கங்களின் சட்டத்தால் வந்தது. இந்தியக் கடிகாரம் திருச்சிச் சூரியனை 15 நிமிடம் முந்துகிறது; சிங்கப்பூர்க் கடிகாரம் தன் சூரியனை 65 நிமிடம் முந்துகிறது. ஆறாம் வகுப்புக் கணக்குத்தான். பாகையையும் நாழிகையையும் கரும்பலகையில் எழுதி, ‘அம்மாவை அழைக்கும்போது அங்கே என்ன பொழுது?’ என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் மணியைச் சொல்வார்கள். பொழுதைச் சொல்லும்வரை விடாதீர்கள்.