வாக்குக் கேட்கப் போனவர்கள்

1990 ஜூன் மாதம் யுத்தம் மீண்டும் மூண்ட பின்னர் மட்டக்களப்பில் நடந்தவற்றை நாம் பெரும்பாலும் எண்ணிக்கைகளாகவே நினைவில் வைத்திருக்கிறோம். செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலை பல்கலைக்கழக வளாகத்து அகதி முகாமிலிருந்து இராணுவம் கொண்டுபோன 158 பேர் திரும்பவேயில்லை. அதற்கு முன்னும் பின்னும் சுற்றிவளைப்புகளில் பிடிபட்டுப் போனவர்கள் இன்னும் எத்தனையோ பேர். அவர்களுடைய தாய்மாரும் மனைவிமாரும் எங்கே போய் ஆறுதல் தேடினார்கள் என்பதை நாம் குறைவாகவே எழுதியிருக்கிறோம்.

உடல் கிடைக்காத சாவு எமது ஊர்களில் சாவாகக் கணக்கில் வராது. பிரேதம் இல்லை; ஆகவே பறையும் இல்லை, முப்பத்தோராம் நாளும் இல்லை. பொட்டை அழித்தால் புருஷனைச் சாகக் கொடுக்க அவசரப்பட்டவள் என்பார்கள். அழிக்காமல் விட்டால் அதற்கும் ஒரு கதை இருக்கும். பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்கவும் வழியில்லை. ஒப்பாரியை வெறும் அழுகை என்று நினைப்பவர்கள் இழவு வீட்டில் காது கொடுத்துக் கேளாதவர்கள். செத்தவனோடு சண்டை பிடித்து, அவனிடம் நியாயம் கேட்டு, கடைசியில் அவனை அனுப்பி வைக்கிற பேச்சு அது. அந்தப் பேச்சு இந்தப் பெண்களின் தொண்டைக்குள்ளேயே நின்றுபோயிற்று. போதாக்குறைக்குப் பயம் வேறு. யார் கொண்டுபோனார்கள் என்று உரத்துச் சொன்னால் மிச்சமிருக்கும் பிள்ளைக்கும் ஆபத்து.

இந்த மௌனத்துக்கு நடுவே ஒரு வாசல் திறந்திருந்தது. மட்டக்களப்பு அம்மன் கோயில்களில் தெய்வம் ஆடுபவர்கள் வாக்குச் சொல்லும் வழக்கம் பழையது. நோய், களவு, கல்யாணம் என்று கேட்கப்பட்டு வந்த இடத்தில் தொண்ணூறுகளில் ஒரே கேள்வி கேட்கப்பட்டது: இருக்கிறானா, இல்லையா? அமெரிக்க மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் அந்த வருடங்களில் அங்கே தங்கியிருந்து இதை ஆராய்ந்தார். கொலராடோ பல்கலைக்கழகத்துக்கு 1997இல் அவர் கொடுத்த ஆய்வின் பொருளே இந்த வாக்குகளும் அவற்றைச் சூழ்ந்திருந்த பயங்கர மௌனமும்தான். காணாமற் போனவன் பட்ட வேதனையைத் தன் உடம்பில் ஏற்று, அவனுடைய வாயாகப் பேசிய பெண்ணொருவரை அவர் அங்கே கண்டார்.

வாக்கு உண்மையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். 'இருக்கிறான், வருவான்' என்று சொல்லப்பட்ட எத்தனையோ பேர் வரவில்லை. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு வருடக்கணக்காகச் சோறு எடுத்து வைத்த தாய்மாருக்கு அது ஆறுதலா, இன்னொரு காயமா என்று எம்மால் தீர்த்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் 'அவன் இல்லை மகளே' என்று சொல்லப்பட்டபோது நடந்தது வேறு. பெயர் சொல்லிக் கதறி அழ அவளுக்கு உத்தரவு கிடைத்தது. அதே கேள்வியோடு வந்த மற்றப் பெண்கள் சுற்றி நின்று கேட்டார்கள். எமது பார்வையில் குணமாக்கியது வாக்கின் உண்மையல்ல, இந்தக் கேட்டல்தான்.

வைகாசியில் கண்ணகியம்மன் கோயில்களில் வழக்குரை படிக்கப்படுவதையும் இங்கே நினைக்க வேண்டும். வி.சீ. கந்தையா 1968இல் பதிப்பித்த அதே கண்ணகி வழக்குரைதான். பொய்க் களவு சாட்டி அரசன் புருஷனைக் கொன்றுவிட, அவள் சபையேறி நியாயம் கேட்கிறாள். நகர் எரிகிறது. பிறகு ஊர் கூடிக் குளிர்த்தி பாடி அவளை ஆற்றுகிறது. கோபம் முழுவதும் சொல்லி முடிந்த பின்னரே குளிர்த்தி. இந்த ஒழுங்கை யாரும் அந்தப் பெண்களுக்குப் படிப்பிக்க வேண்டியிருக்கவில்லை.

வடக்கிலும் இதே வருடங்களில், வேறொரு இடத்தில், சொல் மருந்தாகப் பயன்பட்டது. 1993இல் 'மனவடு' நூலை எழுதிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், நித்திரையற்று நெஞ்சு படபடத்து வந்தவர்களுக்கு அவரவர் சமயத்துச் சொல்லையே பயிற்சியாகக் கொடுத்தார். சைவருக்கு ஓம், கத்தோலிக்கருக்கு செபமாலை, முஸ்லிம்களுக்கு திக்ர், பௌத்தருக்குப் புத்தம் சரணம். குண்டு வீச்சுக்கு நடுவே மேலைநாட்டுப் பாடப்புத்தகத்தை மட்டும் நம்பி வைத்தியம் செய்ய முடியாதல்லவா! இதன் உடலியலும் பின்னர் தெரியவந்தது. இத்தாலியரான பெர்னார்டி குழுவினர் 23 பேரை வைத்துச் செய்த சோதனை 2001இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியாயிற்று. லத்தீன் மொழிச் செபமாலையானாலும் திபெத்திய மந்திரமானாலும், சொல்லும்போது மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 என்ற அளவுக்கு இறங்குகிறது; இதயத் துடிப்பும் அதனோடு ஒத்தாடுகிறது.

ஆனால் மூச்சு இறங்கினால் நீதி கிடைத்துவிடாது. மனம் ஆறட்டும், பழையதை மறக்கட்டும் என்று உபதேசிப்பவர்களுக்குச் செபமும் தியானமும் வசதியான சரக்கு. அதனால்தான் வாக்குக் கேட்கப் போனவர்கள் அங்கேயே நின்றுவிடவில்லை என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1994இன் இறுதியில் காணாமற் போனோர் பற்றி விசாரிக்க அரசு 3 ஆணைக்குழுக்களை நியமித்தபோது, அம்மன் முன்னால் சொல்லிப் பழகிய பெயர்களை இந்தப் பெண்கள் அங்கேயும் சொன்னார்கள். அறிக்கைகள் 1997இல் வந்தன, பிள்ளைகள் வரவில்லை.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி, கடைசி யுத்தத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் கிளிநொச்சியில் வீதியோரம் குந்தினார்கள். அவர்கள் தெரிந்தெடுத்த இடம் கந்தசுவாமி கோயிலின் முன்புறம். கோயிலுக்குத் தேங்காய் உடைத்தார்கள். பிள்ளைகளின் படங்களை மட்டும் வீதியைப் பார்க்கத் திருப்பிப் பிடித்திருந்தார்கள்.