அன்னபூரணிக்கு என்ன நிறம்?

வல்வெட்டித்துறையில் வளர்ந்த எல்லாருக்கும் அன்னபூரணியைத் தெரியும். 1930 அளவில் எங்கட கரையில் வேப்பமரத்தால் கட்டின பாய்க்கப்பல், நீளம் 89 அடி. அமெரிக்க மாலுமி வில்லியம் ஆல்பேர்ட் ரொபின்சன் அதை வாங்கி 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்' எண்டு பெயர் மாத்தினார். எங்கட ஊர் ஆக்கள் ஐந்து பேர் அதில் போனார்கள். 1938 ஓகஸ்ட் மாதம் மசாசூசெட்ஸின் குளொஸ்ரர் துறைமுகத்தில் கப்பல் போய்ச் சேர்ந்தது.

அந்தக் கப்பலின் கறுப்பு வெள்ளைப் படம் ஒண்டுக்கு நிறம் பூசிப் பார்ப்பம் எண்டு போன மாதம் நாங்கள் இருந்தோம். கையில் இருந்தது கிம்ப்.

கிம்ப் ஒரு இலவச மென்பொருள். பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களான ஸ்பென்சர் கிம்பலும் பீற்றர் மாட்டிசும் 1995 நவம்பர் 21 அன்று அதை இணையத்தில் அறிவித்தார்கள். அதுக்கு மூன்று கிழமைக்கு முதல்தான், ஒக்ரோபர் 30 அன்று, வலிகாமம் இடம்பெயர்ந்தது. இலட்சக்கணக்கான சனம் தென்மராட்சிக்கும் எங்கட வடமராட்சிக்கும் நடந்து வந்தது. 1990 இலிருந்தே யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. கையில் அகப்பட்டதோட வந்தவர்களின் அல்பங்கள் எத்தனையோ வீட்டோட போயிற்று. அதால எங்களிட்ட மிஞ்சியிருக்கிற பழைய படம் ஒவ்வொண்டும் பெரும்பாலும் ஒரேயொரு பிரதிதான்.

கிம்பில் இருக்கிற வித்தைகள் பல கணினியில் பிறந்தவை இல்லை, இருட்டறையில் பிறந்தவை. 'டொட்ஜ்' எண்டால், கம்பியில் ஒட்டின சின்ன மட்டையால் வெளிச்சத்தை மறைச்சு அந்த இடத்தை வெளிறச் செய்யிறது. 'பேர்ன்' எண்டால், கூட வெளிச்சம் விட்டுக் கறுக்கச் செய்யிறது. செப்பியாவும் முதலில் அழகுக்கு மட்டும் வந்ததில்லை. படத்தில் இருக்கிற வெள்ளியை வெள்ளி சல்பைட்டாக மாத்தினால் படம் கனகாலம் நிக்கும், பழுப்பு நிறம் அதோட சேர்ந்து வந்தது. கறுப்பு வெள்ளைப் படத்துக்குத் தூரிகையால் கன்னமும் சேலைக் கரையும் தீட்டிக் குடுத்த ஸ்ரூடியோக்காரரும் இருந்தார்கள்.

இண்டைக்குக் கிம்பில் 'ஓல்ட் போட்டோ' எண்டு ஒரு வடிப்பான் இருக்கு. நேற்று எடுத்த படத்தை மங்கலாக்கி, பழுப்பாக்கி, கறையும் விழுத்தித் தரும். கறை எங்களுக்கு வாங்கத் தேவையில்லாத சாமான், வீட்டுப் படங்களில் தாராளமாக இருக்கு. எங்கட வேலை அதைத் துடைக்கிறது.

அன்னபூரணிக்கு வருவோம். மூலப் படத்துக்கு மேல் புது அடுக்கு ஒண்டு திறந்து, அதன் முறையை 'கலர்' எண்டு மாத்தினோம். அப்ப வெளிச்சமும் நிழலும் கீழ் அடுக்கிலிருந்து வரும், நிறம் மட்டும் மேலிருந்து வரும். கடலுக்கு நீலம், பாய்க்கு வெள்ளை, உடம்புக்கு மரநிறம். கப்பல் உயிரோட வந்தமாதிரி இருந்தது. எங்களில் ஒருத்தி அதைத் தன்ர அம்மப்பாவிட்டக் கொண்டுபோய்க் காட்டினாள். கனநேரம் பார்த்தார்.

"வடிவாத்தான் கிடக்கு பிள்ளை. ஆனா இந்த நிறம் ஆர் சொன்னது?"

ஒருத்தரும் சொல்லேல்லை. வேப்பமரம் எண்டதைத் தவிர எங்களிட்ட ஆதாரம் இல்லை. மரத்துக்கு மேல் என்ன பூசியிருந்தார்கள் எண்டும் தெரியாது.

இதைப் பகிர்ந்திருந்தால், பத்து வருசத்தில் பள்ளிக்கூடப் பிள்ளையள் அன்னபூரணியை அந்த நிறத்திலேயே வரைஞ்சிருப்பார்கள். ஜேபெக் ஆக்கி அனுப்பினால் அடுக்குகள் எல்லாம் ஒண்டாகிப் போகும். எது 1938, எது எங்கட கை எண்டு பிறகு ஆராலும் பிரிக்க ஏலாது.

அதுக்காக நிறம் பூசாதேங்கோ எண்டு சொல்ல வரேல்லை. அது ஒரு நல்ல கலை, பழகுங்கோ. கீழ் அடுக்கை மட்டும் தொடாதேங்கோ. அடுக்குகளோட எக்ஸ்சிஎஃப் கோப்பாகவும் ஒண்டு சேமிச்சு வையுங்கோ. பகிரும்போது படத்திலேயே 'நிறம் எங்கட ஊகம்' எண்டு எழுதுங்கோ.

எங்கட கோப்பில் நிற அடுக்கு இன்னும் இருக்கு. கண் அடையாளத்தை அமத்தி மறைச்சு வைச்சிருக்கிறோம். அம்மப்பா வீட்டுச் சுவரில் தொங்கிறது கறை துடைச்ச கறுப்பு வெள்ளைப் படம்.