கொந்தராத்தும் கைரேகையும்



1858ஆம் ஆண்டு யூலை மாதத்தில் வங்காளத்து ஜங்கிப்பூரில் ஒரு சிறு நிகழ்ச்சி நடந்தது. தெருப் போடுவதற்கு வேண்டிய சரளைப் பொருளை அரசாங்கத்துக்குக் கொடுப்பதாக இராச்சியதர் கோனாய் என்னும் ஒருவர் கொந்தராத்து எழுதிக் கொடுத்தார். அங்கு அதிகாரியாயிருந்த வில்லியம் ஹேர்சல் என்ற ஆங்கிலேயர், அவரது உள்ளங்கையில் மை தடவி, அப்பத்திரத்திலே அழுத்தச் செய்தார். பின்னாளில் அவர் தம் கையொப்பத்தை மறுத்துரையாதிருக்க வேண்டும் என்பதே ஹேர்சலின் நோக்கம். கைரேகைக் கலையின் வரலாற்றை எழுதுவோர் பலரும் இந்நிகழ்ச்சியிலிருந்தே தொடங்குவர். அரசாங்க வேலையை ஏற்ற ஒருவரை அரசாங்கம் நம்பத் தயங்கியபோதே இக்கலை அரும்பிற்று என்பது நாம் மனங்கொள்ளத் தக்கது.

அரசாங்கம் தான் வேலை கொடுப்பவரின் நேர்மையை ஆராய்தல் முறையே. பொதுமக்களின் பணத்தால் நடைபெறுவது அவ்வேலை. பாலம் இடிந்தால் அதிற் செல்வோர் மடிவர். பாடசாலையின் காவலாளி தீயவனாயின் பிள்ளைகள் துன்புறுவர். ஆகவே, ஆராயலாமா என்பது வினாவன்று. எதனை ஆராய்வது, எவ்வளவு காலத்துக்கு ஆராய்வது என்பனவே வினாக்கள். அவற்றுக்குச் சென்ற நூற்றைம்பது ஆண்டுகள் அளித்த விடைகளை இன்று நோக்குவோம்.

முதல் விடை மிகக் கொடியது. 1871இல் பிரித்தானிய இந்திய அரசாங்கம் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றியது. ஒருவன் செய்த செயலை நோக்காது, அவன் பிறந்த குலத்தை நோக்கிக் குற்றவாளி எனக் குறிக்கும் சட்டம் அது. முதலில் வட இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. 1911ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. அதற்கு முன்னரே, 1897இல், கல்கத்தாவிலே கைரேகைக் காரியாலயம் நிறுவப்பட்டுவிட்டது. ஒரு கொந்தராத்துக்காரரிடம் தொடங்கிய மை இப்பொழுது முழுச் சமூகங்களின் கைகளிலும் பூசப்பட்டது. தமிழகத்து மக்கள் அச்சட்டத்தை ‘ரேகைச் சட்டம்’ என்றே வழங்கினர்.

பதிவு செய்யப்பட்டவர் குறித்த வேளைகளிலே தம் இருப்பைக் காட்ட வேண்டும். ஊரை விட்டு வெளியே செல்ல அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும். இரவு தோறும் சாவடியிலோ பொலிஸ் நிலையத்திலோ முகங் காட்ட வேண்டியவன் பத்துக் கல் தொலைவிலுள்ள தெரு வேலைக்கு எவ்வாறு செல்வான்? அறுவடைக் காலத்திலே அயலூர்க் கூலிக்கு எவ்வாறு போவான்? உழைத்துப் பிழைக்கும் வழியை அடைத்துவிட்டு, அவன் உழைப்பதில்லை என்று குறை கூறியது அச்சட்டம். மறுபுறத்தில், இரட்சணிய சேனை போன்ற சபைகளின் பொறுப்பிலே குடியேற்றங்கள் அமைக்கப்பட்டன. ஸ்துவர்ட்டுபுரம் அவற்றுள் ஒன்று. அத்தகைய குடியேற்றங்களிலே மக்கள் கண்காணிப்பின்கீழ் வேலை செய்தனர். விரும்பிச் செய்யும் வேலைக்குத் தடையும், விதித்துச் செய்விக்கும் வேலைக்குக் கட்டாயமும் அருகருகே நின்றன.

1920ஆம் ஆண்டு ஏப்பிரல் 3ஆந் திகதி, மதுரைப் பகுதியில் உசிலம்பட்டிக்கு அணித்தான பெருங்காமநல்லூரில் பிறமலைக் கள்ளர் கைரேகை கொடுக்க மறுத்து நின்றனர். பொலிசார் சுட்டனர். பதினாறு பேருக்குக் குறையாமல் மாண்டனர். அவர்களுள் மாயக்காள் என்னும் பெண்ணொருத்தியும் இருந்தாள். மாண்டவர்கள் எக்குற்றத்துக்காகவும் தண்டிக்கப்பட்டவரல்லர். இனிக் குற்றஞ் செய்யக்கூடும் என்று எழுதப்பட்ட ஏட்டிலே தம் பெயரும் ரேகையும் ஏறுவதை மறுத்ததே அவர்கள் செய்தது. முத்துராமலிங்கத் தேவர் முதலியோரின் கிளர்ச்சிக்குப் பின், 1947இல் சென்னை மாகாணத்திலும், 1952இல் இந்தியா முழுவதிலும் அச்சட்டம் ஒழிந்தது.

சட்டம் ஒழிந்ததும் இரண்டாம் விடை தோன்றியது. பிறப்பை நோக்காது, நீதிமன்றம் விதித்த தண்டனையை நோக்குவதே அது. இஃது ஒரு முன்னேற்றமென்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒருமுறை தண்டனை பெற்றவர்க்கு ஆயுள் முழுதும் கதவடைப்பதென்றால், நீதவான் விதித்த ஆறு மாதம் அறுபது ஆண்டாக நீண்டுவிடும். அமெரிக்காவிலே ஒரு கறுப்பின இளைஞர், இராணுவ சேவையை மறுத்தமைக்காகச் சிறையிருந்து மீண்டார். புகையிரதக் கம்பனியொன்றிலே எழுதுவினைஞர் வேலைக்கு விண்ணப்பித்தார். தண்டனை பெற்றவரை எடுப்பதில்லை என்று கம்பனி மறுத்தது. 1975இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், எவ்வேறுபாடும் பாராத அத்தடை, தொழிலில் இனப் பாரபட்சத்தை விலக்கும் சட்டத்துக்கு முரணானதெனத் தீர்த்தது. அவ்வழக்கிலிருந்து மூன்று வினாக்கள் பிறந்தன. குற்றம் எத்தகையது? அதன் பின் எவ்வளவு காலஞ் சென்றது? தேடும் வேலை எத்தகையது?

மூன்றாம் விடை இவ்வினாக்களிலே அடங்கியுள்ளது. 1974ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டம், குறித்த காலம் குற்றமின்றி வாழ்ந்தவரின் சில தண்டனைகளைத் தீர்ந்துபோனவையாகக் கொள்ளச் செய்தது. 2011இல் இந்திய உச்ச நீதிமன்றம், இளமையிலே ஏற்பட்ட ஓர் அடிதடி வழக்கை விண்ணப்பத்தில் மறைத்த ஒருவருக்குப் பரிவு காட்டிற்று. அவ்வழக்கு முன்னரே சமாதானமாய் முடிந்து அவர் விடுதலையும் பெற்றிருந்தார். 2019இல் அமெரிக்கா நிறைவேற்றி, 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டமோ அரசாங்கக் கொந்தராத்துகளையே தொடுகின்றது. கொந்தராத்துக்காரர் முதலில் விண்ணப்பதாரியின் தகுதியைப் பார்க்க வேண்டும். வேலை தருவதாகச் சொன்ன பின்னரே பழைய தண்டனைகளைப் பற்றிக் கேட்கலாம். தேசியப் பாதுகாப்பு முதலிய சில வேலைகளுக்கு விலக்குண்டு. கேள்வி ஒழிக்கப்படவில்லை, அதன் இடம் மாற்றப்பட்டது. முன்வாசலில் நின்ற கேள்வி உள்வீட்டுக்குச் சென்றது.

இலங்கைக்கு வருவோம். 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது முதல், 2004ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின் வீடுகளும் பாடசாலைகளும் எழுந்த காலம் வரை, நம் கீழ்க்கரை மக்கள் அரசாங்க வேலைத்தலங்களை நன்கறிந்தவர்கள். தமிழரும் முஸ்லிம்களும் ஒரே சாரத்தில் ஏறி நின்று சுவரெழுப்பியிருக்கின்றனர். முன்னர் விதானையாரும், 1963இன் பின் கிராம சேவகரும், இன்று கிராம உத்தியோகத்தரும் வழங்கும் நற்சான்றிதழின் பெறுமதியையும் அவர்கள் அறிவர்.

திருக்கோவிலுக்கு அண்மையிலுள்ள வினாயகபுரத்திலே நாற்பது வயது மேசன் ஒருவர் வாழ்வதாக எண்ணிக்கொள்வோம். இருபது வயதிலே திருவிழாச் சண்டையொன்றில் ஒருவரை அடித்துச் சில மாதம் சிறையிருந்தார். அதன் பின் இருபது ஆண்டு கரண்டியும் தூக்குக்குண்டுமே அவர் துணை. பாலம் கட்டும் கொந்தராத்திலே அவரை மறுப்பதால் எவருக்கு என்ன பாதுகாப்பு? ஆனால் சீமெந்துக் களஞ்சியத்திலே சென்ற ஆண்டு களவெடுத்தவரை மீண்டும் களஞ்சியப் பொறுப்பிலே வைக்கலாமா என்றால், மறுப்பதே முறை. இருவரையும் ஒரே வரியிலே ‘தண்டனை பெற்றவர்’ என்று எழுதும் ஏடு உண்மையில் எவரையும் ஆராய்ந்ததாகாது.

நமது அரசியலமைப்பே இதற்கொரு வழி காட்டுகின்றது. குறித்த சில குற்றங்களுக்காகச் சிறையிருந்தவர், விடுதலையாகி ஏழாண்டு சென்றபின், வாக்குரிமையை மீண்டும் பெறுகின்றார். நாட்டை ஆள்வோரைத் தெரிவு செய்ய அவரை நம்பலாமென்றால், நாட்டின் தெருவுக்குக் கல் பரப்பவும் அவரை நம்புவதற்கு ஒரு காலவெல்லை வேண்டாமா?