கையெழுத்தின் சாட்சியம்



திருவெண்ணெய்நல்லூர் அவையிலே சுந்தரர் நின்ற காட்சியைப் பெரிய புராணத்தில் நீங்கள் படித்திருப்பீர்கள். சுந்தரரின் பாட்டனார் எழுதித் தந்த அடிமை ஓலை என்று முதியவர் ஒருவர் ஓர் ஓலையை நீட்டுகிறார். அவையோர் உடனே தீர்ப்புக் கூறவில்லை. அந்தப் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, இரண்டையும் ஒப்பு நோக்குகிறார்கள். ஐயத்துக்குரிய எழுத்தை ஐயமற்ற எழுத்தோடு வைத்துப் பார்க்கும் இம்முறையை 12ஆம் நூற்றாண்டிலேயே சேக்கிழார் அறிந்திருந்தார். இன்றைய ஆய்வாளருக்கும் இதுவே அடிப்படை. ஆனால், ஒப்பிடுகிறவர் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் என்ன நேரும்? பிரெஞ்சு நாட்டு வரலாறு அதற்கு விடை சொல்கிறது.

1894ஆம் ஆண்டு, பாரிஸிலிருந்த ஜெர்மன் தூதரகத்திலிருந்து கிழிந்த கடிதம் ஒன்று பிரெஞ்சு இராணுவ உளவுப் பிரிவின் கைக்கு வந்தது. இராணுவ இரகசியங்களை அந்நியருக்கு அளிக்க முன்வந்த ஒருவன் எழுதியது அது, கையொப்பம் இல்லை. யூதரான காப்டன் ஆல்பிரட் டிரேபஸ் மீது ஐயம் விழுந்தது. பிரெஞ்சு வங்கியின் எழுத்து நிபுணர் கோபேர், இதனை வேறொருவர் எழுதியிருக்கலாம் என்றார். அவ்விடை அதிகாரிகளுக்கு உவப்பாக இல்லை. உடலளவுகளைக் கொண்டு குற்றவாளிகளை அடையாளம் காணும் முறையை வகுத்துப் புகழ் பெற்றிருந்த பெர்த்தியோனை அழைத்தார்கள். எழுத்தாய்வு அவருக்குரிய துறையன்று. ஆயினும், எழுத்துகள் ஒத்திருந்த இடங்களைக் காட்டி, இது டிரேபஸின் கையே என்றார். ஒவ்வாத இடங்களுக்கோ, பிறரை ஏமாற்றுவதற்காக டிரேபஸ் தம் எழுத்தைத் தாமே போலி செய்தார் என்று விளக்கம் தந்தார். ஒற்றுமையும் குற்றத்துக்குச் சான்று. வேற்றுமையும் குற்றத்துக்குச் சான்று! அப்படியானால், குற்றமற்றவன் தப்புவதற்கு வழி ஏது?

ஆராய்ந்த ஐவருள் இருவர் மறுத்தும், டிரேபஸ் தண்டிக்கப்பட்டார். அவர் தரப்புக்குக் காட்டாமலே நீதிபதிகளிடம் ஓர் இரகசியக் கோப்பும் அளிக்கப்பட்டிருந்தது. தென் அமெரிக்கக் கரையோரத்து டெவில் தீவில் நான்காண்டுகளுக்கு மேல் சிறையிருந்தார்.

1896இல் உளவுப் பிரிவின் தலைவர் பிக்கார், எஸ்தராசி என்னும் அதிகாரியின் கடிதங்களைக் கண்டு திடுக்கிட்டார். அந்தப் பழைய கடிதத்தின் எழுத்தே அவற்றிலும் இருந்தது! முன்பு டிரேபஸுக்கு எதிராகச் சொன்ன நிபுணர் சாரவே, எஸ்தராசியின் எழுத்தைப் பார்த்தபின், 1899இல் நீதிமன்றத்திலேயே தம் பிழையை ஒப்புக்கொண்டார். 1904இல், கணித மேதை ஹென்றி புவான்காரே உள்ளிட்ட மூவர் பெர்த்தியோனின் முறையை ஆராய்ந்து, அதற்கு அறிவியல் மதிப்பில்லை என்றனர். 1906 ஜூலை 12 அன்று டிரேபஸ் குற்றமற்றவர் என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது.

நல்ல ஆய்வாளர் எழுத்தின் சாய்வு, அழுத்தம், இடைவெளி, பேனா எடுபட்ட இடங்கள் ஆகியவற்றைப் பல மாதிரிகளில் நோக்குவார். ஒருவரே ஒரே சொல்லை இருமுறை அச்சுப்போல எழுதுவதில்லை என்பதையும் மறவார். விளக்க முடியாத அடிப்படை வேற்றுமை ஒன்று இருப்பினும், பல ஒற்றுமைகளை அவர் நம்பிவிடமாட்டார்.

பெயரில்லாத விடைத்தாளைக் கண்டு, இது இன்னாருடையது என்று நான் துணிந்து சொல்லித் தவறியதுண்டு. என் பிழை ஒரு சிரிப்போடு போயிற்று. டிரேபஸின் வாழ்விலோ, பிறர் பிழை பன்னிரண்டு ஆண்டுகளைக் கொண்டுபோயிற்று. எழுத்து பொய் சொல்லவில்லை, நேயர்களே! அதைப் படித்த கண்களே முன்கூட்டி முடிவு செய்துவிட்டன.