ஆணா, பெண்ணா?



பேறுகால அறையின் கதவு திறந்தவுடன் வெளியே காத்திருப்போர் கேட்கும் முதல் வினா பெரும்பாலும் ஒன்றுதான். "ஆணா, பெண்ணா?" என்னும் அவ்வினா மனித இனத்தைப் போலவே பழைமையானது. பன்னெடுங்காலம் அதற்கு விடை கூறியது பிறப்பு ஒன்றே. ஆனால், சென்ற நூற்றிருபது ஆண்டுகளில் அறிவியல் அவ்விடையைச் சிறிது சிறிதாக முன்னுக்குக் கொணர்ந்து, கரு தாயின் வயிற்றில் ஊன்றுவதற்கு முன்பே அறியும் நிலையை எய்திவிட்டது. அவ்வரலாற்றையும், அதனுள் பொதிந்துள்ள ஒரு முரண்பாட்டையும் இன்று காண்போம்.

1905ஆம் ஆண்டில் நெட்டி ஸ்டீவன்ஸ் என்னும் அமெரிக்கப் பெண் அறிஞர் ஒருவகை மாவு வண்டின் உயிரணுக்களை நுண்ணோக்கியால் ஆராய்ந்தார். பெண் வண்டின் அணுக்களில் பெரிய குரோமோசோம்கள் இருபது இருந்தன. ஆண் வண்டின் அணுக்களிலோ பெரியவை பத்தொன்பதும் சிறியது ஒன்றும் இருந்தன. மனிதரிடத்தும் ஏறத்தாழ இதே முறைதான். தாயிடம் எக்ஸ் இரண்டு. தந்தையிடம் எக்ஸ் ஒன்று, ஒய் ஒன்று. தந்தையின் விந்தணு ஒய்யைக் கொணர்ந்தால் மகன். எக்ஸைக் கொணர்ந்தால் மகள். பெண்ணாகவே பெறுகிறாள் என்று மருமகளைப் பழிக்கும் வீடுகளுக்கு இந்த ஒரு செய்தியே போதிய மறுமொழியன்றோ?

சில பரம்பரை நோய்களுக்குக் காரணமான குறை எக்ஸ் குரோமோசோமில் அமைந்துள்ளது. இரத்தம் எளிதில் உறையாத ஹீமோபீலியா அவற்றுள் ஒன்று. குறையுள்ள எக்ஸ் ஒன்றைத் தாங்கிய தாய்க்கு மற்றோர் எக்ஸ் காவலாக நிற்பதால், அவள் பெரும்பாலும் நலமாகவே வாழ்கிறாள். மகனுக்கோ எக்ஸ் ஒன்றே. அது குறையுள்ளதாயின் அவனுக்குக் காவல் இல்லை. ஆகவே, அத்தாயின் ஒவ்வொரு மகனுக்கும் அந்நோய் வருதற்குச் சரிபாதி வாய்ப்புண்டு. இத்தகைய குடும்பங்களின் துயரமே, பிறவாத குழந்தையின் பாலை அறியும் மருத்துவ முயற்சிக்கு ஒரு முதற்காரணம் ஆயிற்று.

1949இல் கனடா நாட்டின் மரே பார், இவர்ட் பெர்ட்ராம் என்னும் இருவர், பெண் பூனையின் நரம்பணுக்களில் கரும்புள்ளி போன்ற ஒன்று இருப்பதையும் ஆண் பூனையிடம் அஃது இல்லாமையையும் கண்டனர். இவ்வடையாளத்தைக் கொண்டே 1956இல் டென்மார்க்கின் ஃபுக்ஸ், ரீஸ் என்னும் மருத்துவர்கள், கருப்பை நீரில் மிதக்கும் அணுக்களிலிருந்து சிசுவின் பாலை அறியலாமென்று காட்டினர். ஆயினும், அறிந்தபின் செய்யத்தக்கது என்ன? கரு ஆணாயின் அதனைக் கலைப்பது. இன்றேல் வருவதை ஏற்பது. சில திங்கள் சுமந்த தாய்க்கு இவ்விரண்டில் எதுவும் எளிதன்று.

அத்துன்பத்தைத் தவிர்க்கும் வழி கேம்பிரிட்ஜில் புலப்பட்டது. 1968இல் ராபர்ட் எட்வர்ட்ஸும் ரிச்சர்ட் கார்ட்னரும் முயலின் இளங்கருவிலிருந்து சில அணுக்களை எடுத்து ஆராய்ந்து, அதன் பாலை முன்கூட்டியே கூறினர். கருவைத் தாய் முயலிடம் சேர்த்து வளர்த்துப் பார்த்தபோது அக்கூற்று மெய்யாயிற்று. அதே எட்வர்ட்ஸ், பேட்ரிக் ஸ்டெப்டோ, ஜீன் பர்டி ஆகியோரின் உழைப்பால் 1978 ஜூலை 25ஆம் நாள் இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் முதற் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. மனிதக் கரு உடலுக்கு வெளியே கைக்கெட்டும் பொருளாயிற்று.

1990ஆம் ஆண்டில் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையின் ஆலன் ஹேண்டிசைடும் ராபர்ட் வின்ஸ்டனும் அவர்தம் குழுவினரும் இவ்விரு வழிகளையும் ஒன்றிணைத்தனர். எக்ஸைச் சார்ந்த கொடிய நோய்கள் தொடரும் இரு குடும்பங்கள் அவர்களை நாடியிருந்தன. கரு ஆறு முதல் எட்டு அணுக்களாகப் பிரிந்திருந்த நிலையில், ஓர் அணுவை மட்டும் எடுத்தனர். அதிலுள்ள ஒய் குரோமோசோமின் ஒரு பகுதியைப் பன்மடங்கு பெருக்கிப் பார்த்தனர். ஒய்யின் அடையாளம் தோன்றினால் ஆண், தோன்றாவிடில் பெண். ஒவ்வொரு தாய்க்கும் பெண் கருக்கள் இரண்டே அளிக்கப்பட்டன. இருவரும் இரட்டைப் பெண் குழந்தைகளைக் கருவுற்றனர்.

இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். மருத்துவம் மனிதக் கருக்களிடையே முதன்முதல் பால் நோக்கித் தெரிந்தபோது, அது தெரிந்தெடுத்தவை பெண் கருக்கள்! விலக்கப்பட்டவை ஆண் கருக்கள். அஃது ஆண்பால் மீது கொண்ட வெறுப்பினால் அன்று, நோயை அஞ்சியதனால்.

அம்முறையிலும் ஒரு குறை இருந்தது. கள்வன் ஒளிந்துள்ள தெரு தெரியும், வீடு தெரியாது என்பதற்காகத் தெரு முழுவதையும் அடைப்பது போன்றது அது. ஆண் கருக்களிற் பாதி நோயற்றவை, அவையும் கழிக்கப்பட்டன. விரைவில் வீட்டையே அறியும் திறன் வந்தது. ஆண், பெண் இருபாலாரையும் ஒப்பத் தாக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் நோயின் மரபணுவையே நேரடியாகச் சோதித்துத் தெரிந்த கருவிலிருந்து நலமுள்ள குழந்தை பிறந்த செய்தியை, 1992இல் அதே குழுவினர் வெளியிட்டனர். அதன்பின் பல நோய்களில் "ஆணா, பெண்ணா?" என்று மருத்துவர் கேட்கவேண்டிய தேவையே குறைந்தது, "இந்நோய் உண்டா, இல்லையா?" என்று கேட்டாற் போதும். பால் பற்றிய வினா மருத்துவத்துக்கு ஒரு தற்காலிக ஊன்றுகோலாகவே இருந்தது.

மருத்துவம் கைவிடத் தொடங்கிய ஊன்றுகோலை மகனை விரும்பும் ஆசை கையிலெடுத்தது. நம் நாட்டில் ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் ஆயிரவர்க்குப் பெண் குழந்தைகள் 1991ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 945, 2001இல் 927, 2011இல் 919. இவ்வீழ்ச்சியில் பெரும்பங்கு வயிற்றிலுள்ள சிசுவை ஒலியலைக் கருவியாற் கண்டு கலைத்தமைக்கே உரியது, கருச்சோதனைக்கு அன்று. எனினும், செல்வர்க்குக் கருச்சோதனையும் ஒரு வாயிலாகும் என்பதை உணர்ந்து, 1994ஆம் ஆண்டுச் சட்டம் 2003இல் திருத்தப்பட்டு, கருத்தரிப்பதற்கு முன்னரும் பால் தெரிதல் குற்றமாக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டமும் இதனையே வலியுறுத்துகிறது. பரம்பரை நோயறியும் சோதனைக்கு மட்டும் இடமுண்டு.

"பெண் குழந்தைகள் இருவரைப் பெற்றோம்; மூன்றாவதை மகனாகத் தெரிந்தெடுப்பது எங்கள் உரிமையன்றோ?" என்று வினவுவாரும் உளர். அத்தகைய வழக்கொன்றை 2007இல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஏற்க மறுத்தது. தனி ஒருவர் விருப்பத்தில் தீங்கு காண்பது அரிதுதான். ஆனால், ஒரு நாடு முழுவதும் ஒரே திசையில் விரும்பும்போது, அவ்விருப்பம் அந்நாட்டுப் பெண்மக்கள் அனைவருக்கும் கூறப்படும் ஓர் இகழ்ச்சியாக மாறிவிடுகிறது.

பல ஆண்டுகள் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஆண் அல்லது பெண் என்று என் கையால் எழுதியிருக்கிறேன். சேர்த்துக்கொண்ட பின்னரே அக்கட்டத்தை நிரப்பினேன். அதனைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டதில்லை. வாழ்க்கை என்னும் பள்ளியின் வாயிலிலும் அந்த முறையே நிலவுதல் வேண்டும். நாளை மருத்துவராகவும் பெற்றோராகவும் விளங்கப்போகும் நீங்கள், "ஆணா, பெண்ணா?" என்று கேட்கப்படும் இடத்திலெல்லாம், "எதற்காகக் கேட்கிறீர்?" என்று திருப்பிக் கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள்.