காற்றும் சத்தமும் ஒரே சன்னல் வழியாக

“டீச்சர், சன்னலைத் திறந்தா லாரிச் சத்தம், மூடினா வேர்வை. எப்படிப் படிக்கிறது?” விரைவுச்சாலையோரப் புளோக்கில் இருக்கும் என் மாணவி ஒருத்தி கேட்டாள். உங்கள் வகுப்பிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கும். அவளுக்குப் பதில் சொல்ல நான் 1960-க்குப் போக வேண்டியிருந்தது.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அந்த ஆண்டு பிப்ரவரியில் தொடங்கியது. 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீ தீயில் சுமார் 16,000 பேர் வீடிழந்தார்கள். வேகமாக, மலிவாகக் கட்ட வேண்டிய அவசரம். குளிர்சாதனம் பற்றிப் பேச்சே இல்லை, காற்றுதான் வீட்டைக் குளிர வைக்க வேண்டும். அதனால்தான் ஒல்லியான, நீளமான புளோக்குகள். முன்பக்கம் பொதுத் தாழ்வாரம், பின்பக்கம் சமையலறை. இரண்டு பக்கமும் திறந்திருந்தால் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும்.

எந்தத் திசை பார்த்துக் கட்டுவது? கிழக்கு மேற்கு என்றால் வெயில் நேராக விழும். வடக்கு தெற்கு பார்த்தால் வெயில் குறைவு; வடகிழக்கு, தென்மேற்குப் பருவக்காற்றும் கிடைக்கும். இப்போது வரைபடத்தை எடுத்துப் பாருங்க. 1960களில் கட்டத் தொடங்கிய பிஐஇ விரைவுச்சாலை, தோ பாயோவுக்கும் வாம்போவுக்கும் இடையே புகுந்து, பெரும்பாலும் கிழக்கு மேற்காகவே ஓடுகிறது. அதன் ஓரத்தில் வடக்கு தெற்கு பார்த்து ஒரு புளோக் நின்றால், அதன் முகம் முழுவதும் சாலைக்குத்தான்! வெயிலுக்கும் காற்றுக்கும் நல்ல பக்கமே சத்தத்துக்கும் வாசல்.

புளோக்கைத் தள்ளிக் கட்டலாமே என்பீர்கள். வாகனங்கள் வரிசையாக ஓடும் சாலையில் தூரத்தை இரட்டிப்பாக்கினாலும் சத்தம் சுமார் 3 டெசிபல்தான் குறையும். நம்மிடம் அவ்வளவு நிலம் ஏது? புளோக்கைத் திருப்பி, சன்னலில்லாத பக்கச் சுவரைச் சாலைக்குக் காட்டலாம். ஆனால் வீடுகள் வெயிலைப் பார்க்கும். பின்னாளில் பலமாடிக் கார்நிறுத்தத்தைச் சாலைக்கும் வீட்டுக்கும் நடுவே வைத்தார்கள். கார்களுக்கு அமைதி வேண்டாம் அல்லவா, எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது. ஆனால் அதைவிட உயரமான மாடிகளுக்குப் பயனில்லை. இரட்டைக் கண்ணாடிச் சன்னலும் உண்டு: வெளிக்கண்ணாடி ஒரு ஓரத்தில் திறந்திருக்கும், உள்கண்ணாடி மறு ஓரத்தில். வளைந்து வரும் வழியில் சத்தம் தேயும். காற்றும் கொஞ்சம் தேயும்.

உயர்நிலை 2 வகுப்பில் அவரவர் புளோக்கை வரையச் சொன்னேன்: திசை, சாலை, கார்நிறுத்தம் எல்லாம் குறித்து. அந்த மாணவியின் படத்தில் சமையலறை, சாலைக்கு எதிர்ப்பக்கம் இருந்தது. இப்போது அங்கேதான் படிக்கிறாள். அம்மா தாளிக்கும்போது மட்டும் எழுந்து போவாளாம்.