சாட்பாட்டும் புள்ளியும்: ஒரு சிறு வரலாறு

டெலிகிராம் செயலியில் எளிய சாட்பாட் ஒன்றை நிறுவுவது கடினமன்று. 'பாட்ஃபாதர்' என்னும் கணக்குக்குக் கட்டளை அனுப்பி, ஒரு பெயரும் 'பாட்' என முடியும் பயனர்பெயரும் தந்தால் டோக்கன் கிடைக்கும். அதைப் பயன்படுத்தும் நிரலில், எந்தச் சொல் வந்தால் எந்த விடை செல்ல வேண்டும் என எழுதிவிட்டால் சாட்பாட் பேசத் தொடங்கிவிடும். டெலிகிராம் இவ்வசதியை 2015 ஜூனில் அறிமுகப்படுத்தியது. ஆனால் 'எந்தச் சொல் வந்தால்' என்னும் நிபந்தனை அதனினும் அரை நூற்றாண்டு பழமையானது.

எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் உருவாக்கிய எலைசா நிரலைப் பற்றிய கட்டுரை 1966 ஜனவரியில் வெளியானது. பயனரின் வாக்கியத்தில் எலைசா திறவுச்சொல்லைத் தேடும். அதையொட்டி வாக்கியத்தைப் பிரிக்கும். 'மை' என்பதை 'யுவர்' என மாற்றி வினாவாகத் திருப்பியனுப்பும். பொருள் எதுவும் அதற்குத் தெரியாது. எனினும், அதனோடு உரையாடத் தொடங்கிய தம் செயலாளர் தம்மை அறையிலிருந்து வெளியேறுமாறு கேட்டுக்கொண்டதை வைசன்பாம் 1976இல் வெளியிட்ட நூலில் பதிவுசெய்துள்ளார்.

இவ்வுத்தி ஆங்கிலத்தின் இயல்போடு பொருந்தியது. அங்குச் சொல்லின் வடிவம் அதிகம் மாறுவதில்லை. தமிழில் நிலைமை வேறு. 'நான் வருந்துகிறேன்' என்பதைத் திருப்பிக் கேட்க 'நான்' என்பதை மட்டும் மாற்றினால் போதாது. வினைமுற்றின் விகுதியும் மாற வேண்டும். நீ, நீங்கள் என்னும் தேர்வும் உண்டு. இதனினும் நுட்பமான இடர் எழுத்திலேயே இருக்கிறது. 'சான்றிதழ்' என்னும் சொல்லைத் தேடும் நிரல் 'சான்றிதழை' என்பதைக் கண்டுகொள்ளாது. வேற்றுமை உருபு சேரும்போது இறுதி ழகரத்தின் புள்ளி மறைந்து, ஐகாரக் குறி வந்துவிடுகிறது. கணினிக்கு அவை வெவ்வேறு குறியீடுகள்.

மொழிக்கேற்ப நிரலை வளைக்காதபோது பயனரே வளைய நேர்கிறது. 2020 மார்ச்சில் இந்திய அரசின் மைகவ் கொரோனா உதவிச் சேவை வாட்ஸ்அப்பில் தொடங்கியது. 2021 ஆகஸ்டில் தடுப்பூசிச் சான்றிதழும் அதன்வழியே கிடைத்தது. அறிவிக்கப்பட்ட வழிமுறை எளியது: 'கோவிட் சர்டிஃபிகேட்' என்னும் ஆங்கிலத் தொடரை அனுப்பி, ஓடிபியை இட வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில் அது பேருதவி என்பதில் ஐயமில்லை. ஆயினும் பல மொழிகள் பேசும் நாடு, தன் உடல்நலம் குறித்த ஆவணத்தைப் பெற ஒரே ஆங்கிலத் தொடரைத் தட்டச்சிட்டது என்பதையும் வரலாறு குறித்துக்கொள்ள வேண்டும்.

2023இல் ஹரியானாவின் பிவான் சிற்றூரில் அறிமுகமான 'ஜுகல்பந்தி' இந்நிலையை மாற்ற முயன்றது. சென்னை ஐ.ஐ.டி.யைச் சார்ந்த ஏஐ4பாரத் உருவாக்கிய மொழி மாதிரிகளின் துணையுடன், அரசுத் திட்டங்கள் குறித்து மக்கள் தம் மொழியிலேயே பேசியும் எழுதியும் கேட்க அது வழிசெய்தது.

இத்தகைய பெரிய மாதிரிகள் இல்லாமலும் செய்யத்தக்கது உண்டு. தமிழில் எளிய சாட்பாட் அமைக்கும் மாணவர் ஒவ்வொரு திறவுச்சொல்லோடும் அதன் உருபேற்ற வடிவங்களையும் சேர்த்து எழுதலாம். சில வரிகள் கூடும். கேட்பவர் தம் வாக்கியத்தை மாற்ற நேராது.